தினமும் 200 தடவை காலைத் தூக்கியும் தொடை ஏன் தேறவில்லை?

கேள்வி: அன்புள்ள மேடம், எனக்கு வயது 20, எடை 56 கிலோ. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து கபடி ஆடுகிறேன். ரைடர். ஜூலையில் ஒரு மேட்ச்சில் போனஸ் எடுத்துவிட்டுத் திரும்பும்போது, யாரும் தொடாமலே வலது முட்டியில் ‘டப்’ என்று சத்தம் கேட்டது. ஸ்கேனில் ஏ.சி.எல். (முட்டிக்குள் தொடை எலும்பையும் கால் எலும்பையும் பிடித்து வைத்திருக்கும் நார்) முழுதாக அறுந்துவிட்டது என்றார்கள். ஆகஸ்ட் முதல் வாரம் ஆபரேஷன். அதே காலின் பின்தொடையிலிருந்து நார் எடுத்து வைத்தார்கள். ஆறு வாரம் பிசியோதெரபிக்குப் போனேன். அப்புறம் பஸ் செலவு, கல்லூரி என்று நின்றுவிட்டது. அவர்கள் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து, காலை நீட்டித் தூக்கும் பயிற்சியைத் தினமும் 200 தடவை செய்கிறேன். ஆனாலும் வலது தொடை இன்னும் 3 செ.மீ. இளைப்பாகவே இருக்கிறது. படி இறங்கும்போது கால் நடுங்குகிறது. ஜிம்மில் ஓர் அண்ணன், ‘லெக் எக்ஸ்டென்ஷன் மிஷின் பக்கமே போகாதே, புது நார் அறுந்துடும்’ என்கிறார். பொங்கலுக்கு எங்கள் ஊரில் போட்டி. கோச், ‘ஆறு மாசம் ஆகப்போகுது, நீ-கேப் போட்டுக்கிட்டு ரெண்டு ரைடு மட்டும் போயிட்டு வா’ என்கிறார். அம்மா தினமும் ஆட்டுக்கால் சூப் வைத்துத் தருகிறார். நான் என்ன செய்யட்டும்?
(பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: முதலில் பொங்கலை முடித்துவிடுவோம். வேண்டாம். இரண்டு ரைடும் வேண்டாம், ஒரு ரைடும் வேண்டாம். ஜூலையில் உங்கள் முட்டி போனது இருபதாவது ரைடின் களைப்பில் இல்லை, ஒரே ஒரு திரும்பலில். பொங்கலன்று நீங்கள் போகும் முதல் ரைடிலும் அதே திரும்பல் இருக்கும். நீ-கேப் முட்டிக்குக் கதகதப்பு தரும், கொஞ்சம் தைரியம் தரும். வேகமாகப் போய் சட்டென்று திரும்பும்போது தொடை எலும்புக்குக் கீழே கால் எலும்பு முறுக்கிக்கொண்டு முன்னால் நழுவுவதை அந்தத் துணி தடுக்காது. கோச் மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல ரைடர் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் எந்தக் கோச்சுக்கும் மனசு கேட்காது. இந்தப் பதிலை அவரிடமும் காட்டுங்கள்.

சரி, தொடைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த 200தான்.

ஊரில் எல்லாரும் ‘ஜவ்வு கிழிஞ்சுடுச்சு’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். ஏ.சி.எல். என்ற லிகமென்டும் ஜவ்வுதான், முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸும் ஜவ்வுதான். இதனால் வருகிறவர்களுக்கு ஒரு நினைப்பு இருக்கிறது: கிழிந்ததை டாக்டர் தைத்துவிட்டார், இனி ஆறினால் போதும். டாக்டர் வைத்தது ஒரு நார். அது எலும்போடு எலும்பைப் பிடித்துக்கொள்ளும். ஓடும்போது உங்களைத் தள்ளுவதும், நிற்கும்போது பிரேக் போடுவதும் முன்தொடைத் தசை. அதை எந்த டாக்டரும் ஆபரேஷன் தியேட்டரில் திருப்பித் தர முடியாது. நாள்காட்டியும் தராது.

முட்டியில் அடிபட்டு நீர் கோத்ததும் உடம்பு ஒரு வேலை செய்கிறது. மூட்டுக்குள்ளிருந்து போகும் சேதியைக் கேட்டு, தண்டுவடம் முன்தொடைக்கு வரும் கட்டளையைக் குறைத்துவிடுகிறது. வலியே இல்லாவிட்டாலும் இது நடக்கும். நல்ல முட்டிக்குள் ஊசி மூலம் கொஞ்சம் உப்புநீரை ஏற்றிப் பார்த்த பழைய சோதனைகள் இருக்கின்றன. வெறும் சில பத்து மில்லி நீருக்கே தொடைத் தசை மந்தமாகிவிட்டது. கிராமத்தில் லோ வோல்டேஜ் நேரத்தில் ஃபேன் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். சுவிட்ச் போட்டாயிற்று, ஃபேனும் கெட்டுப்போகவில்லை, ஆனால் காற்று வராது. ஆபரேஷன் ஆன முதல் வாரத்தில் ‘தொடையை இறுக்கு’ என்று பிசியோ சொன்னபோது, நீங்கள் முழு மனசோடு இறுக்கியும் முட்டிச் சில்லு அசையாமல் கிடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதுதான். துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து அழுத்துவது, காலை நீட்டித் தூக்குவது, தொடைத் தசைக்கு லேசாகக் கரண்ட் வைப்பது எல்லாம் அந்த வோல்டேஜைத் திரும்பக் கொண்டுவரத்தான். முதல் சில வாரங்களுக்கு அது சரியான மருந்து. அந்தத் தாளை எழுதியவர்மீது தப்பில்லை. ஆறாவது வாரத்துத் தாளை இருபதாவது வாரத்திலும் செய்துகொண்டிருக்கிறீர்கள், கோளாறு அதில்தான்.

உங்கள் ஒரு கால் ஒன்பது, பத்து கிலோ இருக்கும். அதைப் படுத்தபடி தூக்கும்போது, தூக்குவதே பெரும்பாலும் இடுப்பு. முன்தொடை முட்டியை மடங்காமல் பிடித்துக்கொண்டு சும்மா கூடவே போகிறது. ரைடில் ஓடிப்போய் ஒற்றைக்காலில் பிரேக் அடித்தால் அதே தொடை உங்கள் உடம்பு எடையைப் போலப் பல மடங்கைத் தாங்க வேண்டும். தினமும் 200 தம்ளர் தண்ணீர் தூக்கிப் பழகினால் ஒருநாள் குடம் தூக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் சிரிப்பீர்கள். 200 தடவை செய்ய முடிகிறது என்பதே அது இப்போது உங்களுக்கு லேசாகிவிட்டது என்பதற்குச் சாட்சி. நாளையிலிருந்து அதை நிறுத்திவிடலாம்.

என் அறையில் எடை பார்க்கும் மிஷின் இரண்டு இருக்கின்றன. புதிதாக வருகிறவர்களை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒன்றை வைத்து, மெதுவாக எழச் சொல்வேன். 56 கிலோ ஆள் என்றால் இரண்டும் 28, 28 என்று காட்ட வேண்டும். ஆபரேஷன் ஆகி ஐந்து மாதம் ஆனவர்களில் பலருக்கு நல்ல காலில் 34, மற்றதில் 22 என்று காட்டும். அவர்களுக்கே தெரியாது. ‘ரெண்டு கால்லயும்தான் எழுந்திருச்சேன் மேடம்’ என்பார்கள். குனிந்து மிஷினைப் பார்த்ததும் முகம் மாறும். உடம்பு அவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஏமாற்றும். பஸ்கி எடுத்தால் நல்ல காலுக்குச் சாய்ந்துகொள்ளும். ஒற்றைக்காலில் எடுக்கச் சொன்னால் இடுப்பைப் பின்னால் தள்ளி, உடம்பை முன்னால் சாய்த்து, வேலையைப் பிட்டத்துக்கும் பின்தொடைக்கும் பிரித்துக் கொடுத்துவிடும். பலவீனமான முன்தொடை நடுவில் ஒளிந்துகொள்ளும். உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஆளுக்கொரு மிஷின் இருந்தால் நீங்களும் செய்து பாருங்கள்.

இதனால்தான் அந்த ஜிம் அண்ணன் பயமுறுத்திய லெக் எக்ஸ்டென்ஷன் மிஷின் உங்களுக்குத் தேவை. அதில் உட்கார்ந்து, கணுக்காலுக்கு முன்னால் இருக்கும் எடையை முட்டியை நீட்டித் தூக்க வேண்டும். முன்தொடைக்கு ஒளிய இடமில்லை. அவர் சொன்னதிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது. முட்டியை முழுதாக நீட்டும் கடைசிப் பகுதியில் முன்தொடை இழுக்கும்போது கால் எலும்பு கொஞ்சம் முன்னால் வர, ஏ.சி.எல். இழுபடும். அந்தக் காரணத்துக்காகப் பல வருஷம் எல்லாரும் இந்த மிஷினை ஒதுக்கிவைத்திருந்தோம். நானும் படிக்கும்போது அப்படித்தான் படித்தேன். இப்போது அந்தப் பயம் தளர்ந்துவிட்டது. முட்டி மடங்கியிருக்கும் பாதியில், அதாவது 90 டிகிரியிலிருந்து 45 வரை, ஆபரேஷனுக்குப் பின் நான்காவது வாரத்திலிருந்தே லேசாகத் தொடங்கலாம் என்பதுதான் இன்றைய வழிகாட்டுதல். பிறகு படிப்படியாக நீட்டும் அளவைக் கூட்டுவோம். நீங்கள் ஐந்தாவது மாதத்தில் இருக்கிறீர்கள். ஆபரேஷன் செய்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், குறிப்பாக மெனிஸ்கஸில் தையல் போட்டார்களா என்று. அவர் சரி என்றால் முதல் மூன்று வாரம் 90லிருந்து 45 வரை, அப்புறம் முழுதாக. தூக்கி எறிகிற மாதிரி செய்யாதீர்கள். இரண்டு எண்ணி நீட்டி, மூன்று எண்ணி இறக்குங்கள்.

எவ்வளவு எடை? ஒற்றைக்காலில் எட்டு தடவை செய்து முடித்ததும், ‘இன்னும் ரெண்டு போகும், மூணாவது வராது’ என்று தோன்ற வேண்டும். அதுதான் உங்கள் எடை. பன்னிரண்டு தடவை சுலபமாகப் போகிறதா, அடுத்த நாள் ஒரு தட்டு கூட்டுங்கள். ஒரு சுற்று முடிந்ததும் இரண்டு, மூன்று நிமிஷம் முழுசாக உட்காருங்கள். வேர்க்க விறுவிறுக்க விடாமல் செய்தால்தான் பயிற்சி என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. பலம் கூட்டும் பயிற்சியில் ஓய்வும் கணக்கில் சேரும். ஆபரேஷன் ஆன காலை முதலில் செய்து நான்கு சுற்று, நல்ல காலுக்கு இரண்டு சுற்று. நல்ல காலை விட்டுவிடாதீர்கள். அதுவும் ஐந்து மாதமாகச் சும்மாதான் இருந்திருக்கிறது.

வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். லெக் எக்ஸ்டென்ஷன், ஒற்றைக்கால் லெக் பிரஸ் (உட்கார்ந்தபடி எடையைப் பாதத்தால் தள்ளும் மிஷின்), கையில் டம்பெல் பிடித்து ஒரு கால் முன்னே ஒரு கால் பின்னே வைத்த பஸ்கி, இந்த மூன்றும் முன்தொடைக்கு. பின்தொடையை மறக்காதீர்கள். உங்கள் நாரே அங்கிருந்துதான் எடுத்திருக்கிறார்கள், அதனால் முட்டியை நன்றாக மடக்கும் கோணத்தில் பலம் குறைந்திருக்கும். குப்புறப் படுத்து குதிகாலைப் பிட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள், வலது கால் கடைசிக் கொஞ்சத்தில் திணறும். எடைக்கு எதிராக முட்டியை மடக்கும் லெக் கர்ல் மிஷினில் லேசாகத் தொடங்கிக் கூட்டுங்கள். பின்தொடையில் சுருக்கென்று பிடித்தால் அன்றைக்கு அதை நிறுத்திவிடுங்கள். கெண்டைக்கால் தசைக்கு, படி விளிம்பில் நின்று ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்குவது. இவ்வளவுக்கு ஒரு மணி நேரம் ஆகும். மாவட்ட விளையாட்டு அரங்குகள் பலவற்றில் உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறது. கல்லூரி உடற்கல்வி இயக்குநரிடம் கடிதம் வாங்கிப்போய்க் கேட்டுப் பாருங்கள்.

ஜிம்முக்குப் போக முடியாத நாளுக்கு ஒரு வழி சொல்கிறேன். வீட்டு முன் தூண் இருக்கிறதா? தடித்த பெல்ட்டையோ நல்ல கயிற்றையோ தூணைச் சுற்றி வளையமாகக் கட்டி, இரண்டு காலையும் உள்ளே விட்டு, முட்டிக்குப் பின்னால் மடிப்பில் வருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கயிறு என்றால் உள்ளே ஒரு துண்டை மடித்து வையுங்கள், இல்லாவிட்டால் அறுக்கும். தூணைப் பார்த்தபடி பின்னால் நகர்ந்து வளையம் இறுகியதும், முதுகை நிமிர்த்தி, நாற்காலியில் உட்கார்வது போல இறங்கி அப்படியே நில்லுங்கள். சாதாரண பஸ்கியில் பின்னால் விழாமல் இருக்க உடம்பு முன்னால் சாயும். இதில் கயிறு பிடித்துக்கொள்வதால் சாய வேண்டியதில்லை, பாரம் முழுக்க முன்தொடைக்கு. 40 வினாடி, ஐந்து தடவை. இரண்டாவது தடவையிலேயே தொடை எரியும். லேசாகிவிட்டால் அரிசிப் பையை நெஞ்சோடு கட்டிக்கொள்ளுங்கள்.

எதைச் செய்தாலும் மறுநாள் காலை முட்டியிடம் கேளுங்கள். படுக்கையில் காலை நீட்டி, முட்டியின் உள்பக்கக் குழியை உள்ளங்கையால் கீழிருந்து மேலாக இரண்டு, மூன்று தடவை வழித்துவிடுங்கள். பிறகு வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாக ஒரு தடவை வழியுங்கள். உள்பக்கக் குழியில் அலை மாதிரி ஏதாவது புடைத்து வருகிறதா? வந்தால் உள்ளே நீர் இருக்கிறது, நேற்றுச் செய்தது அதிகம். அன்றைக்கு ஓய்வு, அடுத்த தடவை ஒரு தட்டு குறைவு. வலிக்குப் பத்துக்கு மதிப்பெண் போட்டால் மூன்று வரை இருக்கலாம், மறுநாள் தணிந்துவிட வேண்டும். தொடையில் சதை வலித்தால் சந்தோஷப்படுங்கள். முட்டி திடீரென்று வீங்கினாலோ, நடக்கும்போது விட்டுப்போனாலோ, நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ டாக்டரிடம் போய்விடுங்கள், எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

அளப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டேப் வைத்து 3 செ.மீ. என்று அளந்திருக்கிறீர்கள். நல்லதுதான், ஆனால் டேப் பலத்தைச் சொல்லாது. தொடை சமமாகத் தெரிந்தும் பலம் முக்கால்வாசிதான் இருக்கும் ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரிய விளையாட்டு மருத்துவ மையங்களில் இதற்கென்றே பல லட்ச ரூபாய் மிஷின் இருக்கும். நாம் மூட்டை நிறுக்கும் தொங்கு தராசை வைத்துச் சமாளிக்கலாம். டிஜிட்டலில் வருகிறதே, கொக்கி வைத்தது, அதுதான். பெட்டி நிறுக்கும் சின்னத் தராசு பெரும்பாலும் 50 கிலோவில் நின்றுவிடும், உங்கள் நல்ல காலே அதைத் தாண்டலாம். கனமான மேசை மேல், முட்டி 90 டிகிரியில் தொங்கும்படி உட்காருங்கள். கணுக்காலுக்கு நாலு விரல் மேலே பட்டையைச் சுற்றி, அதைத் தராசின் ஒரு கொக்கியில் மாட்டி, மறு கொக்கியைப் பின்னால் மேசையின் காலில் கட்டுங்கள். கயிறு தரைக்கு இணையாக, தொய்வில்லாமல் இருக்க வேண்டும். கைகளால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலை முன்னால் தள்ளுங்கள். சட்டென்று உதைக்காமல், மெதுவாகக் கூட்டி ஐந்து வினாடி. அம்மா எண்ணைப் படிக்கட்டும். மூன்று தடவையில் எது அதிகமோ அது. அடுத்த கால். பட்டை இரண்டு காலிலும் ஒரே உயரத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் கணக்கு தப்பும். முட்டி 90 டிகிரியில் இருக்கும்போது இப்படித் தள்ளுவது ஏ.சி.எல்.லை இழுக்காது, அதனால் பயம் வேண்டாம்.

உதாரணத்துக்கு இடது கால் 46, வலது கால் 27 என்று வந்தால், வலது காலில் 59 சதவீதம்தான் இருக்கிறது. 70, 80 சதவீதத்தைத் தொட்டு, முட்டியில் நீர் இல்லாமல், நாற்காலியிலிருந்து ஒற்றைக்காலில் பத்துத் தடவை நடுங்காமல் எழ முடிந்தால் மெது ஓட்டம் தொடங்கலாம். படி இறங்கும்போது கால் நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே இன்றைக்கு ஓட்டம் வேண்டாம், சைக்கிள் போதும். ஆட்டத்துக்குத் திரும்ப 90 சதவீதமாவது வேண்டும். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது: இடது காலே இளைத்துப்போயிருந்தால் அதோடு ஒப்பிட்டு வரும் 90 ஏமாற்றுக் கணக்கு. சதவீதத்தை மட்டும் பார்க்காமல் இரண்டு எண்களும் மாதாமாதம் ஏறுகின்றனவா என்று பாருங்கள்.

இவ்வளவு பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் நான் செய்த ஒரு தப்பு. சில வருஷத்துக்கு முன் ஒரு ஃபுட்பால் பையன் என்னிடம் வந்தான். ஏழரை மாதம் ஆகியிருந்தது. ஒற்றைக்காலில் முன்னால் தாண்டச் சொல்லி டேப் வைத்து அளந்தேன். இரண்டு காலும் கிட்டத்தட்ட ஒரே தூரம். ஓடினான், நன்றாகத்தான் ஓடினான். சரி, போ என்றேன். தொடைப் பலத்தைத் தனியாக அளக்கவில்லை. மூன்றாவது மேட்ச்சில் அதே முட்டி போயிற்று. முன்னால் தாண்டுவதில் பெரும்பங்கு வேலையை இடுப்பும் கணுக்காலும் பார்த்துவிடுகின்றன, முட்டியின் பங்கு ரொம்பக் குறைவு என்று பிறகு ஆய்வுகளில் படித்தபோது அவன் முகம்தான் நினைவுக்கு வந்தது. நேராக மேலே குதிக்கும்போது முட்டிக்குக் கூடுதல் வேலை இருக்கிறது. இப்போது இரண்டையும் பார்க்கிறேன், ஆனால் தராசுக்குப் பிறகுதான்.

மாதக் கணக்கைப் பற்றி. ‘ஆறு மாசம்’ என்பது எல்லா ஊர்க் கோச்சுகளும் சொல்வது. டாக்டர் சொன்ன ‘ஆறு மாசத்துக்கு மேல ஓடலாம்’ என்பது கைமாறிக் கைமாறி ‘ஆடலாம்’ ஆகிவிடுகிறது. உள்ளே வைத்த நார் முதலில் உயிரற்றுப்போய், ரத்த ஓட்டம் பிடித்து, மெல்ல மெல்ல லிகமென்ட் மாதிரி மாறுவதற்கு ஒரு வருஷத்துக்கும் மேலாகும். நார்வேயிலும் அமெரிக்காவிலும் 106 பேரை இரண்டு வருஷம் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2016இல் வந்தது. ஒன்பது மாதம் வரைக்கும், திரும்பி ஆடுவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி முட்டியில் அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பலம், தாண்டல் சோதனைகளில் தேறாமல் திரும்பியவர்களில் 38 சதவீதம் பேருக்கு மறுபடி அடிபட்டது. தேறியவர்களில் 6 சதவீதத்துக்கும் குறைவு. இன்னொரு கணக்கும் உங்கள் வயதுக்குப் பொருந்தும்: 25 வயதுக்குள் இருந்து விளையாட்டுக்குத் திரும்புகிறவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அதே முட்டியிலோ மற்ற முட்டியிலோ மறுபடி ஏ.சி.எல். போகிறது.

மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட்டைச் சொல்லி உங்கள் கோச் மடக்கலாம். 2023 ஆகஸ்டில் முட்டி ஆபரேஷன், 2024 ஏப்ரலில் ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் ஜெயித்துவிட்டாரே என்று. உண்மைதான், எட்டே மாதம். நாள் முழுக்கக் காலைத் தேற்றுவதே வேலையாக, சுற்றிலும் ஆட்களோடு இருந்தவர் அவர். கல்லூரி முடிந்து பஸ் பிடித்து வரும் உங்களோடு ஒப்பிட வேண்டாம். ரிஷப் பண்ட் கார் விபத்துக்குப் பிறகு கிரிக்கெட்டுக்குத் திரும்ப ஏறக்குறைய பதினைந்து மாதம் ஆயிற்று. அவரிடமும் ஆட்களுக்குக் குறைவில்லை. உங்களுக்கு மே மாதத்துக்கு முன்னால் பேச்சே இல்லை. அதுவும் தராசு சம்மதித்தால்.

களத்துக்குத் திரும்பும்போதும் ஒரேயடியாக மேட்ச் கிடையாது. முதலில் எதிரே ஆள் இல்லாமல் பாடிப் போய், போனஸ் கோட்டில் காலை வைத்துத் திரும்பிப் பழகுங்கள், பாதி வேகத்தில். இரண்டு பக்கமும் திரும்பும்போது பாதம் பதிந்த இடத்தில் முட்டி உள்ளே விழாமல் பாதத்துக்கு நேராக இருக்கிறதா என்று தோழியை விட்டு ஃபோனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் பிடி. ‘இப்போ இடது தொடையைப் பிடிக்கிறேன்’ என்று சொல்லிவிட்டுப் பிடிக்கட்டும். சில வாரம் கழித்து, சொல்லாமல் பிடிக்கட்டும். கடைசியில்தான் கணுக்கால் பிடியும், இருவர் கைகோத்து மடக்கும் சங்கிலியும். முட்டி தயாரான பிறகும் மனசு தயங்கும், பலருக்குக் கடைசி வரை நிற்பது அந்தத் தயக்கம்தான். பயந்துகொண்டு பாதி மனசோடு ஆடுவதும் ஆபத்து. மேட் விரித்த களத்தில் ஆடப் பழகியவர் என்றால் முதலில் அந்த மேட் களத்துக்கே திரும்புங்கள், கரடுமுரடான மண் களம் பிறகு.

ஆட்டுக்கால் சூப் ருசியானது, அம்மாவின் மனசு கோணாமல் குடியுங்கள். ஆனால் தொடையில் சதை போட அதில் இருக்கும் புரதம் போதாது. 56 கிலோவுக்கு நாளொன்றுக்கு 90 கிராம் அளவுக்குப் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் ஆறு கிராம், அரை லிட்டர் பாலில் பதினாறு, நூறு கிராம் சமைத்த கோழியில் இருபத்தைந்துக்கு மேல். காலையில் வெறும் இட்லி, சட்னியோடு போகாமல் இரண்டு முட்டை, சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு கை நிலக்கடலை, ராத்திரி பால் என்று பிரித்துக்கொண்டால் வந்துவிடும். விடுதியில் இருந்தால் முட்டையை நீங்களே வாங்கி அவித்துக்கொள்ளுங்கள், விடுதிச் சாம்பாரை நம்ப வேண்டாம்.

பொங்கல் போட்டிக்குக் கட்டாயம் போங்கள். ஸ்கோர் எழுதுங்கள், எதிரணியில் ஓரத்தில் நின்று பிடிக்கும் கார்னர் எந்தக் காலைப் பிடிக்க இறங்குகிறாள் என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள், மே மாதம் உதவும். அதற்கு முன்னால் இந்த வாரமே தராசு வாங்கி அளந்துவிடுங்கள். பிப்ரவரி முதல் வாரத்தில் மறுபடி அளந்து, இரண்டு தேதிகளின் எண்களையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். இடது கால் எண்ணை முதலில் எழுதுங்கள். காலையில் அளந்தீர்களா, பயிற்சிக்குப் பிறகா என்பதையும் குறிப்பிடுங்கள்.